வெளியே வராத எரிமலை: செங்கடல் கரைக்கு அடியில் நடப்பது என்ன?

ஹஜ், உம்ரா போய் வந்தவர்கள் மதீனாவைப் பற்றிப் பேசும்போது அந்தக் கரிய கல்லைப் பற்றியும் சொல்வார்கள். நகரத்தை நெருங்க நெருங்க மணல் குறைந்து, கருகிப்போனது போன்ற கரடுமுரடான பாறைப்பரப்பு தொடங்கிவிடும். அரபியில் அதற்கு ஹர்ரா என்று பெயர். மதீனாவின் புனித எல்லையை நபிமொழிகள் சொல்வதே இந்தக் கல்லை வைத்துத்தான்: இரண்டு கரிய கல் நிலங்களுக்கு இடைப்பட்ட ஊர். கிழக்கே வாகிம், மேற்கே வபரா. இரண்டுமே ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த இடங்கள்.

பாலைவனம் என்றால் மணலும் எண்ணெயும்தான் என்று நினைக்கும் நமக்கு, அரேபியாவில் எரிமலை என்பதே வியப்பாக இருக்கும். ஆனால் தீபகற்பத்தின் மேற்கு ஓரம் முழுக்க, ஏமனிலிருந்து வடக்கே சிரியா வரை, இப்படிப்பட்ட ஹர்ராக்கள் விட்டுவிட்டுக் கிடக்கின்றன. மொத்தப் பரப்பு ஏறக்குறைய 1,80,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பே 1,30,000தான். சவூதியின் மேற்குக் கரையில் நிலம் அதிர்ந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் யான்புவிலும் ஜித்தாவிலும் வேலை பார்க்கிற நம்மவர்கள் குடும்பத்தில் ஒரே கேள்விதான் எழும்: அங்கே எரிமலை வெடிக்குமா? கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல 2009-இல் அல்ஈஸ் என்ற சிற்றூரில் நடந்ததிலிருந்து தொடங்குவதுதான் சரி.

அல்ஈஸ், யான்புவுக்கு வடக்கே இருக்கிறது. அதன் பக்கத்தில் இருப்பது ஹர்ரத் லுனாயிர். ஹர்ராக்களில் சிறியது, சுமார் ஐம்பது எரிமலைக் கூம்புகள் கொண்டது. உம்லஜ் என்ற கடற்கரை ஊரிலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. நிலநடுக்க அபாயம் உள்ள இடம் என்று அதை யாரும் நினைக்கவில்லை. 2009 ஏப்ரலில் அங்கே நிலம் அதிரத் தொடங்கியது. முதலில் கருவிகள் மட்டுமே உணரும் சிறு அதிர்வுகள். மே மாதத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கே தெரிய ஆரம்பித்தது. மே 19 அன்று 5.4 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. அல்ஈஸில் சுவர்கள் விரிசல் விட்டன. பாலைவனத் தரையில் ஒரு பிளவு திறந்துகொண்டது. அதன் நீளம் எட்டு கிலோமீட்டர்.

சவூதி அரசு காத்திருக்கவில்லை. அல்ஈஸிலிருந்தும் சுற்றியிருந்த கிராமங்களிலிருந்தும் சுமார் 40,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். யான்புவிலும் மதீனாவிலும் தங்கவைக்கப்பட்டார்கள். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சவூதி நிலவியல் ஆய்வு நிறுவனம் ஹர்ராவைச் சுற்றி நிலநடுக்கமானிகளை நிறுவியது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் எரிமலை நிபுணர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பதிவான அதிர்வுகளின் எண்ணிக்கை 30,000-ஐத் தாண்டியது.

எரிமலை வெடிக்கவில்லை. ஒரு சொட்டுக் குழம்புகூட வெளியே வரவில்லை. நடுக்கம் மெல்ல அடங்க, மக்கள் வீடு திரும்பினார்கள்.

‘அப்படியென்றால் வீண் பயம்தானே?’ என்று கேட்கத் தோன்றும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்வியால்தான். அது வீண் பயம் இல்லை. மேலே எதுவும் தெரியாவிட்டாலும், கீழே ஒரு எரிமலை வெடிப்பின் முக்கால் பங்கு நடந்து முடிந்திருந்தது.

அது எப்படித் தெரிந்தது என்பது சுவையான கதை. ரேடார் பொருத்திய செயற்கைக்கோள்கள் ஒரே நிலப்பரப்பை வெவ்வேறு நாட்களில் படம்பிடிக்கின்றன. இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டால், இடையில் தரை சில சென்டிமீட்டர் எழுந்திருந்தாலும் இறங்கியிருந்தாலும் வண்ணப் பட்டைகளாகத் தெரிந்துவிடும். நிலம் மாறாமல் கிடக்கும் பாலைவனம் இதற்கு மிகவும் ஏற்றது. மரமில்லை, பயிரில்லை, மழைச் சேறில்லை. முந்தைய படத்தில் இருந்த கல் அடுத்த படத்திலும் அங்கேயே இருக்கும். லுனாயிர் படங்களில் தெரிந்தது இதுதான்: நடுவில் ஒரு நீளமான பட்டை கீழே இறங்கியிருக்கிறது, அதன் இருபுறமும் நிலம் மேலெழுந்து விலகியிருக்கிறது. கிழக்கு மேற்காகச் சுமார் ஒரு மீட்டர் அளவுக்குத் தரை அகன்றிருந்தது.

தரை இந்த வடிவத்தில் அசைய, அடியில் பாறைக்குழம்பு ஒரு சுவர் போல நிமிர்ந்து ஏற வேண்டும். நிலவியலில் இதை டைக் என்கிறார்கள். அடுப்பில் வைத்த பானையில் கஞ்சி பொங்கி வருவதுபோல எரிமலையைக் கற்பனை செய்துகொள்கிறோம். இங்கே நடப்பது வேறு. விறகில் ஆப்பு இறக்குவது போன்றது இது. ஆனால் ஆப்பு கீழிருந்து மேலே ஏறுகிறது. குழம்பு தன் அழுத்தத்தால் பாறையைப் பிளக்கிறது. பிளவுக்குள் தானே புகுந்து நிரப்பிக்கொள்கிறது. பிறகு அடுத்த அடியைப் பிளக்கிறது. ஒவ்வொரு பிளப்புக்கும் ஒரு சிறு அதிர்வு. அந்த 30,000 அதிர்வுகளில் பெரும்பாலானவை இப்படி ஏறிய குழம்பின் விளைவுதான். பத்து கிலோமீட்டர் நீளமான அந்தச் சுவர், தரைக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் ஆழம் வரை ஏறி, அங்கேயே நின்றுவிட்டது.

டைக்குகள் நின்றுவிடுவது அபூர்வமில்லை. மேலே வருவதைவிட வழியிலேயே நின்று இறுகிப்போவதுதான் அதிகம். குழம்பின் வரத்து குறைந்தாலோ, ஓரங்கள் ஆறி உறைந்தாலோ, மேலிருக்கும் பாறை வேறு விதமாக இறுக்கப்பட்டிருந்தாலோ பயணம் முடிந்துவிடும். ஆனால் நிற்குமா, வருமா என்பது மே 19 அன்று யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. கடைசி இரண்டு கிலோமீட்டரைக் கடக்கக் குழம்புக்கு அதிக நாள் தேவைப்படுவதில்லை.

சரி, அங்கே ஏன் குழம்பு இருக்கிறது? பூமியின் தட்டுகள் விலகும் இடத்தில் எரிமலை இருக்கும் என்பது பள்ளிப் பாடம். செங்கடல் அப்படிப்பட்ட இடம்தான். சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவும் அரேபியாவும் ஒரே நிலமாக இருந்தன. அது இழுபட்டு மெலிந்து, பிளந்து, நடுவே கடல் புகுந்தது. இன்றும் அரேபியா வடகிழக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது. செங்கடல் வடக்கே ஆண்டுக்குச் சுமார் 10 மில்லிமீட்டர், தெற்கே 16 மில்லிமீட்டர் என்று அகலமாகிறது. நகம் வளரும் வேகத்தைவிடக் குறைவு. இந்த நகர்வின் மறுமுனையில்தான் ஈரானின் ஜாக்ரோஸ் மலைகள் மடிந்து எழுகின்றன.

ஆனால் லுனாயிர், செங்கடலின் நடுப்பிளவிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விலகும் விளிம்பு கடலுக்கு நடுவில், எரிமலை கரையைத் தாண்டி உள்ளே. இது எப்படி? எத்தியோப்பியாவின் அஃபார் பகுதிக்கு அடியிலிருந்து மேலெழும் வெப்பமான பாறை, வடக்கு நோக்கி அரேபியாவுக்கு அடியில் பரவுகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். நிலநடுக்க அலைகள் மேற்கு அரேபியாவுக்கு அடியில் மெதுவாகப் பயணிக்கின்றன. அங்கே பாறை அதிக வெப்பமாக இருப்பதன் அடையாளம் அது. கரையோரத்தில் தட்டு மெலிந்திருப்பதே போதும், கீழே அழுத்தம் குறைந்து பாறை தானே உருகும் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சேர்ந்தே நடப்பதாகத்தான் படுகிறது. லுனாயிர் டைக் தென்கிழக்கிலிருந்து வடமேற்காக, அதாவது செங்கடலுக்கு இணையாகத் திறந்தது. கடலைத் திறக்கும் அதே இழுவிசை, கரையைத் தாண்டி உள்நிலத்திலும் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2009-க்கு முன் இதை இவ்வளவு அழுத்தமாக யாராலும் சொல்ல முடியவில்லை.

‘எந்த எரிமலை வெடிக்கும்?’ என்று கேட்டால் அரேபியாவுக்கு அது பொருந்தாத கேள்வி. வெசுவியஸ் போல, ஃபியூஜி போல ஒரே மலை திரும்பத் திரும்பக் கக்கும் இடம் இல்லை இது. இங்கே ஒவ்வொரு கூம்பும் ஒருமுறைதான் பிறக்கிறது. சில வாரமோ சில மாதமோ கக்கிவிட்டு அடங்கிவிடுகிறது. அடுத்த முறை குழம்பு வேறொரு இடத்தில் தரையைத் திறக்கும். அதே ஹர்ராவுக்குள், ஆனால் பத்து கிலோமீட்டர் தள்ளியோ ஐம்பது கிலோமீட்டர் தள்ளியோ. மதீனாவிலிருந்து தெற்கே 300 கிலோமீட்டருக்கு நீளும் ஹர்ரத் ரஹாத்தில் இப்படி நூற்றுக்கணக்கான வாய்கள் இருக்கின்றன. ஒரு மலையின் உச்சியில் கருவியை வைத்துக் காவல் காத்தால் போதாது. முழு நிலப்பரப்பையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எல்லாமே அமைதியாகக் குழம்பு ஓடும் வகை என்றும் சொல்லிவிட முடியாது. மதீனாவுக்கு வடக்கே ஹர்ரத் கைபரில் கன்னங்கரேலென்ற கல்லுக்கு நடுவே ஜபல் அப்யத், ஜபல் பய்தா என்ற இரண்டு எரிமலைகள் வெளிறிப்போய் நிற்கின்றன. இரண்டு பெயருக்குமே வெள்ளை மலை என்றுதான் பொருள். ஜபல் அப்யத்தின் உயரம் 2,093 மீட்டர். இவை சிலிக்கா மிகுந்த, பிசுபிசுப்பான குழம்பிலிருந்து உருவானவை. அந்த வகைக் குழம்பு வாயுவை எளிதில் விடாது. அடக்கி வைத்து வெடிக்கும். பக்கத்திலேயே ஜபல் கித்ர். அது கரியது, அதன் குழம்பு நேற்று ஓடியது போல இருக்கும். பாலைவனத்தில் இதுதான் சிக்கல். மழையும் மண்ணும் மூடாததால் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைய ஓட்டமும் புதிது போலவே கிடக்கும். கண்ணால் பார்த்து வயது சொல்ல முடியாது.

இந்தக் கரையின் எரிமலை வரலாற்றில் ஐயமில்லாமல் தேதி சொல்லக்கூடியது 1256. ஹிஜ்ரி 654, ஜமாதுல் ஆகிர் மாதம். மதீனாவில் சில நாட்கள் தொடர்ந்து நிலம் அதிர்ந்தது. பிறகு நகரத்துக்குத் தென்கிழக்கே தரை பிளந்து நெருப்பு எழுந்தது. இரண்டேகால் கிலோமீட்டர் நீளப் பிளவு, அதன்மேல் ஆறு கூம்புகள். 52 நாட்கள் குழம்பு ஓடியது. மிக நீளமான ஓட்டம் 23 கிலோமீட்டர். அன்றைய மதீனாவுக்குச் சுமார் எட்டு கிலோமீட்டர் தூரத்தில் அது நின்றது. ஹிஜாஸ் (மக்கா, மதீனா இருக்கும் மேற்கு அரேபியா) மண்ணிலிருந்து ஒரு நெருப்பு எழும், அதன் ஒளியில் சிரியாவின் புஸ்ரா நகரத்து ஒட்டகங்களின் கழுத்துகள் தெரியும் என்றொரு நபிமொழி உண்டு. அக்காலத்து வரலாற்றாசிரியர்கள் இந்த வெடிப்பை அதோடு இணைத்தே எழுதினார்கள். அதே ஆண்டு ரமலானில் நபிகளாரின் பள்ளிவாசல் தீப்பற்றி எரிந்தது. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பள்ளிவாசலில் தீ விளக்கிலிருந்து பிடித்தது. எரிமலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

1256-ஐயும் 2009-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடக்கம் ஒரே மாதிரி: முதலில் சிறு அதிர்வுகள், பிறகு வலுத்த அதிர்வு, பிறகு தரைப்பிளவு. ஒன்றில் குழம்பு வெளியே வந்தது, இன்னொன்றில் இரண்டு கிலோமீட்டர் கீழே நின்றது. வேறுபாடு அவ்வளவுதான். மதீனாவின் நிலைமையோ நிறைய மாறிவிட்டது. அன்று மதில் சூழ்ந்த சிற்றூர். இன்று பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம். வீடுகளும் சாலைகளும் பழைய குழம்பு நிலத்தின் மேலேயே ஏறிவிட்டன. ரஹாத்தின் வடபகுதியைச் சவூதி, அமெரிக்க நிலவியல் நிறுவனங்கள் சேர்ந்து பல ஆண்டுகள் விரிவாக ஆராய்ந்ததற்குக் காரணம் இதுதான்.

தெற்கே போனால் எரிமலைகள் கடலுக்குள்ளேயே இருக்கின்றன. 2007 செப்டம்பர் 30 மாலை, ஏமனுக்குச் சொந்தமான ஜபல் அத்தய்ர் தீவு வெடித்தது. அந்தத் தீவில் ஏமன் ராணுவத்தின் சிறு முகாம் இருந்தது. வீரர்கள் சிலர் உயிரிழந்தார்கள். அந்த வழியாகச் சென்றுகொண்டிருந்த நேட்டோ கப்பல்கள் தேடுதலில் இறங்கின. 2011 டிசம்பரில், அருகிலுள்ள ஜுபைர் தீவுக்கூட்டத்தில் கடலிலிருந்து நெருப்பு பீறிட்டதை முதலில் பார்த்தவர்கள் மீனவர்கள். சில வாரங்களில் அங்கே ஒரு புதிய தீவு உருவாகிவிட்டது. 2013-இல் இன்னொன்று. அந்தப் பகுதி நூறாண்டுகளுக்கு மேல் அமைதியாகக் கிடந்தது. பிறகு ஏழே ஆண்டுகளில் மூன்று வெடிப்புகள்.

எரிமலையைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினாலும், உயிர்ச்சேதம் என்று பார்த்தால் நிலநடுக்கம்தான் இந்தத் தீபகற்பத்தை அதிகம் காயப்படுத்தியிருக்கிறது. 1982 டிசம்பர் 13 அன்று ஏமனின் தமார் பகுதியில் வந்த நடுக்கம் மிகப் பெரியது ஒன்றுமில்லை, 6-ஐ ஒட்டிய அளவுதான். ஆனால் சுமார் 2,800 பேர் இறந்தார்கள். கல்லை மண்சாந்தில் அடுக்கிக் கட்டிய மலைக்கிராம வீடுகள் ஆட்களின் மேலேயே சரிந்தன. அங்கும் பக்கத்தில் ஒரு எரிமலை நிலம் உண்டு. அங்கும் தரையில் நீண்ட பிளவுகள் திறந்தன. ஆனால் உயிரைப் பறித்தது கூரை.

வடமுனையில் கதை வேறு. அங்கே தட்டுகள் விலகுவதில்லை. ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நழுவுகின்றன. செங்கடலின் வடகிழக்குக் கிளையான அகபா வளைகுடா தொடங்கி சாக்கடல் வழியாக வடக்கே போகும் அந்தப் பிளவுக்கோட்டில் அரேபியத் தட்டு இதுவரை சுமார் 105 கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறது. வேகம் ஆண்டுக்குச் சுமார் ஐந்து மில்லிமீட்டர். பிளவின் இருபக்கமும் பற்றிக்கொண்டிருக்கும் காலத்தில் அழுத்தம் சேர்ந்துகொண்டே போகும்; பிறகு ஒரே நாளில் விடுபடும். 1995 நவம்பர் 22 அன்று அகபா வளைகுடாவுக்கு அடியில் அப்படித்தான் நடந்தது: 7.2 அளவு. எகிப்தின் நுவைபாவிலும், இஸ்ரேலின் எய்லாத்திலும், ஜோர்டானின் அகபாவிலும், சவூதியின் ஹக்லிலும் கட்டடங்கள் சேதமாயின. 2009-இன் 5.4-ஐவிட அது வெளியிட்ட ஆற்றல் நூற்றுக்கணக்கான மடங்கு. அது மக்கள் குறைவாக வாழும் கரையில் நடந்ததால் பெரும் இழப்பு இல்லை. இன்று அதே கரையை ஒட்டித்தான் நியோம் என்ற பெரும் நகரத் திட்டத்தின் பகுதிகள் எழுகின்றன. கட்டக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஜப்பான்காரர்கள் இதைவிட மோசமான நிலத்தில் கட்டித்தான் வாழ்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தூணும் 1995-ஐ நினைவில் வைத்து வடிவமைக்கப்பட வேண்டும்.

ஆகவே கரையின் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து அபாயம் மாறுகிறது. அகபா பக்கம் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு பெரிய குலுக்கல் வரலாம். யான்பு, உம்லஜ், மதீனா பக்கம் வாரக்கணக்கில் சிறு அதிர்வுகள் கூடிக்கொண்டே போவதுதான் அடையாளம். அந்த அதிர்வுகள் மேல்நோக்கி நகர்கின்றனவா, நிலம் அகல்கிறதா, கிணற்று நீரின் வெப்பமும் வாயுவும் மாறுகின்றனவா என்று ஆய்வாளர்கள் பார்ப்பார்கள். பிளவு திறந்து குழம்பு வந்தால்கூட, பெரும்பாலும் அது ஆள் நடந்து விலகக்கூடிய வேகத்தில்தான் ஊரும். கட்டடம், சாலை, மின்தடம், குழாய் எல்லாவற்றையும் விழுங்கும். ஆட்கள் தப்பிக்க நேரம் இருக்கும். அந்த நேரம் வீணாகாமல் இருக்க வேண்டுமானால், போகச் சொல்லும்போது போக வேண்டும்.

அல்ஈஸ் மக்களை நினைக்கும்போது எனக்கு நெருடுவது இங்கேதான். ஆட்டையும் ஒட்டகத்தையும் பேரீச்சந்தோப்பையும் விட்டுவிட்டு வேறு ஊரில் போய்த் தங்கி, கடைசியில் ஒன்றும் நடக்கவில்லை என்று திரும்பிய ஒரு குடும்பம், அடுத்த முறை அழைக்கும்போது அவ்வளவு எளிதாகக் கிளம்புமா? ‘போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள்’ என்ற பேச்சு எந்த ஊரிலும் வரும். புயல் எச்சரிக்கையின்போது நம் கடற்கரைக் கிராமங்களிலும் அதைக் கேட்டிருக்கிறோம். அதனால்தான் அன்று கீழே என்ன நடந்தது என்பதை, பத்து கிலோமீட்டர் நீளக் குழம்புச் சுவர் இரண்டு கிலோமீட்டர் ஆழம் வரை வந்து நின்ற செய்தியை, ஆய்வு இதழ்களோடு விட்டுவிடாமல் அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எட்டு கிலோமீட்டர் பிளவு அவர்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் திறந்தது. பேருந்தில் அழைத்துப்போய் அதன் ஓரத்தில் நிற்கவைத்தே பாடம் நடத்தலாம்.